நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: வலி மாத்திரைப் போதைக்கான மருந்துச் சிகிச்சை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கொங்கு நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். கடைசி சில வருடங்களாக மனநலப் பிரிவின் மருந்து ஜன்னலில் இருக்கிறேன். பல்லடத்துத் தறிக்காரர் வருவார், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா வருவார், தாராபுரம் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து ஓர் அப்பா வருவார். மூன்று பேரும் சீட்டை நீட்டிவிட்டு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மனதில் இருக்கும் கேள்வியை மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். இது அவரைப் பார்க்கப் போகும் முன் படித்துக்கொள்வதற்கு.

வலிக்குப் போடற மாத்திரைதானுங்களே, அது எப்படிங்க போதையாகும்?

எல்லா வலி மாத்திரையும் ஆகாது. பாரசிட்டமால் ஆகாது. டபென்டடால், டிரமடால் போன்றவை வேறு வகை. அபின், மார்பின், ஹெராயின் எல்லாம் மூளையில் எந்த இடத்தில் போய் உட்காருகின்றனவோ, இவையும் அங்கேதான் உட்காரும். இந்த வகைக்கு ஓபியாய்டு என்று பெயர். டாக்டர் சொன்ன அளவில் சில நாள் போட்டால் நல்ல மருந்து. ஆபரேஷன் ஆனவருக்கு அது வேண்டும்.

தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும். இரண்டு மாத்திரையில் கிடைத்தது அப்புறம் ஆறு போட்டால்தான் கிடைக்கும். கொஞ்ச நாளில் சுகத்துக்காகப் போடுவது போய், காலையில் எழுந்து நிற்பதற்கே போட வேண்டி வரும். டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது எங்கள் ஜன்னலுக்கு வரும் பையன்களில் பெரும்பாலோர் சொல்வது டபென்டடால். அதைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நாலு நாள் தோட்டத்துச் சாளையில பூட்டி வெச்சா சரியாயிடாதுங்களா?

நிறுத்திய 8 முதல் 24 மணி நேரத்துக்குள் அவஸ்தை தொடங்கும். கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், தூக்கமே இல்லாத இரவு. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், பிறகு ஒரு வாரம் பத்து நாளில் தணியும். டிரமடால், டபென்டடால் போட்டவர்களுக்கு வலிப்பு வரவும் வாய்ப்புண்டு. வாந்தியிலும் பேதியிலும் உடம்பு நீர் வற்றிப் போனால் அதுவும் ஆபத்து. பூட்டிய அறைக்குள் இதையெல்லாம் யார் பார்ப்பது?

சரி, தாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். உடம்பு தணிந்த பிறகும் ஏக்கம் தணியாது, மாதக்கணக்கில் இருக்கும். ஆனால் பழைய அளவைத் தாங்கும் சக்தி மட்டும் அந்தப் பத்து நாளிலேயே போயிருக்கும். முன்பு எட்டு மாத்திரை தாங்கிய உடம்பு, இப்போது அதே எட்டில் மூச்சை நிறுத்திவிடும். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அப்ப ஆஸ்பத்திரியில என்ன மருந்து தர்றாங்க?

முக்கியமாக மூன்று. முதலாவது புப்ரினார்பின், நாக்குக்கு அடியில் வைப்பது. நம் பக்கம் பெரும்பாலும் இதையும், ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்தையும் சேர்த்த மாத்திரையாக வரும். இரண்டாவது மெத்தடோன், குடிக்கும் மருந்து. நம் நாட்டில் சில மையங்களில் மட்டும் கிடைக்கும். மூன்றாவது நால்ட்ரெக்சோன், முழுங்கும் மாத்திரை.

டவுன் பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவோமே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். புப்ரினார்பின் ஓடிப்போய் சீட்டைப் பிடித்து அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும். பின்னால் டபென்டடால் ஏறினாலும் உட்கார இடமிருக்காது. ஆனால் புப்ரினார்பின் அரைவாசி வேலைதான் செய்யும்: அவஸ்தை வராது, ஏக்கம் அடங்கும், கிறக்கம் இருக்காது. ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் அதன் வேலை கூடாது என்பதால், மற்ற ஓபியாய்டுகளைப் போல மூச்சை அடக்கும் ஆபத்து குறைவு. நால்ட்ரெக்சோன் சீட்டில் மூட்டையை வைப்பது போல. இடத்தை அடைக்கும், வேறு ஒன்றும் செய்யாது. அதனால் அதைத் தொடங்கும் முன் 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் உடம்பில் இருக்கக் கூடாது. நல்ல ஆதரவும் உறுதியும் உள்ள சிலருக்கு அது பொருந்தும். பலர் நடுவில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு போதையை விட்டுட்டு இன்னொரு போதைக்குப் போறதுதானுங்களே இது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கோபமாகவும் கேட்கிறார்கள், அழுதுகொண்டும் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் வேலை செய்யும் மருந்துகள் என்பது உண்மை. உடம்பு இதற்கும் பழகும், திடீரென்று நிறுத்தினால் அவஸ்தை வரும் என்பதும் உண்மை. மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் போதை என்று நாம் எதைச் சொல்கிறோம்? மணிக்கு மணி மாத்திரை தேடி அலைவது, தங்கச்சியின் கம்மலை அடகு வைப்பது, வேலைக்குப் போகாமல் கிடப்பது, சாவு தெரிந்தும் நிறுத்த முடியாதது. இவைதான் போதை. காலையில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு எட்டரை மணி ஷிப்ட்டுக்குப் போய், சனிக்கிழமை சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கிறவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவரை நாம் இன்சுலினுக்கு அடிமை என்று சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரினார்பினையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் 2005-ல் சேர்த்தது. பிரான்சில் 1995-லிருந்து சாதாரண டாக்டர்களே புப்ரினார்பின் எழுதலாம் என்று விட்டார்கள். நாலே வருடத்தில் அங்கே அளவு மீறிச் சாவது ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குக் குறைந்தது. மற்ற நாடுகளிலும் இந்த மருந்தில் நிலைத்திருப்பவர்களிடையே சாவு குறைவாகவே இருக்கிறது.

முதல் நாள் ஏனுங்க இத்தனை நேரம் காக்க வெக்கறாங்க? பையன் துடிக்கறானுங்க.

அவன் துடிக்கத் தொடங்கிய பிறகுதான் கொடுக்க முடியும். பஸ் சீட்டுக்கே திரும்பி வாருங்கள். டபென்டடால் இன்னும் உட்கார்ந்திருக்கும்போது புப்ரினார்பின் போனால், அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு உட்காரும். மெதுவாக வர வேண்டிய அவஸ்தை அரை மணி நேரத்தில் மொத்தமாக இறங்கும். அப்படி ஒருமுறை பட்டவன் இந்த மருந்தையே வெறுத்துவிடுவான். அதனால் கடைசி மாத்திரைக்குப் பிறகு பெரும்பாலும் 12 மணி நேரமாவது ஆக வேண்டும். கண்ணின் பாப்பா, நாடித் துடிப்பு, வேர்வை, நடுக்கம் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

கடைசியாக எப்போது போட்டான் என்று டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. முதல் நாள் பெரும்பாலும் 2 முதல் 4 மி.கி. வரை கொடுத்து, சில மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து, அடுத்த நாட்களில் ஏற்றுவார்கள்.

முழுங்கினா ஆகாதுங்களா? வாயெல்லாம் கசக்குதுன்றான்.

முழுங்கினால் ஈரல் வழியாகப் போகும்போதே பெரும்பகுதி வீணாகிவிடும். நாக்குக்கு அடியில் வைத்து, முழுதும் கரையும்வரை வாயை மூடி இருக்க வேண்டும். 5 முதல் 10 நிமிடம் ஆகும். பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. எங்கள் ஜன்னலுக்கு எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. காலையில் நாலைந்து பையன்கள் அதில் வாயை மூடி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொள்வார்கள். கரைந்ததும் ஒருவன் நாக்கைத் தூக்கி எனக்குக் காட்டுவான், நான் தலையாட்டுவேன்.

கரைந்த பிறகு ஒரு வாய் தண்ணீரால் கொப்பளித்து விழுங்கச் சொல்லுங்கள். பல் துலக்க ஒரு மணி நேரம் போகட்டும். இந்த மாத்திரை பல்லைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-ல் எச்சரித்திருக்கிறது. மற்றபடி மலச்சிக்கல், தலைவலி, வேர்வை வரும். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் போதவில்லை என்றால் மருந்து கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

எத்தனை மாசம் போடோணுமுங்க? ஆடிக்குள்ள முடிஞ்சிருமா?

முடியாது. தேதி வைத்து முடிக்கும் சிகிச்சை இல்லை இது. ஒரு வருடத்துக்குக் குறையாமல் என்று பொதுவாகச் சொல்வார்கள். பலருக்கு இரண்டு மூன்று வருடம், சிலருக்கு அதற்கும் மேல். வேலை, தூக்கம், கூட்டாளிகள், வீடு எல்லாம் நிலைப்பட்ட பிறகு டாக்டர் மெதுவாகக் குறைப்பார். குறைக்கும்போது ஏக்கம் வந்தால் திரும்ப ஏற்றுவார்.

வீட்டில் மாத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு "இன்னைக்கோட போதும்" என்று சொல்லும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் பாசம் புரிகிறது. ஆனால் சாளையில் பூட்டுவது பற்றிச் சொன்ன ஆபத்து அப்படியே இதற்கும் உண்டு.

கோயில்ல கயிறு கட்டிட்டு வந்தா போதுமுன்னு அமுச்சி சொல்லுதுங்க.

கட்டட்டும். சத்தியம் செய்துவிட்டு வந்தவனுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, மேல் உள்ள பயத்திலும் பாசத்திலும் மாத்திரை தவறாமல் போட்டவர்கள் உண்டு. கயிறும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும். கயிறு கட்டியதால் மருந்தை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூசாரியிடமே இதைச் சொல்லி, "ஆஸ்பத்திரி மாத்திரை போடலாம்" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்த ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய பையன் இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறான்.

மறுவாழ்வு மையத்துல மூணு மாசம் சேத்தறதா, இதா? எதுங்க நல்லது?

நல்ல மையங்கள் இருக்கின்றன. அங்கே சேர்த்தபடியே இந்த மருந்தையும் கொடுக்கலாம். மையத்தில் மூன்று கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல டாக்டர் எப்போது வருகிறார், வெளியே அனுப்பும்போது என்ன மருந்தோடு அனுப்புவீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. அடிக்கிற இடம், உங்களை உள்ளே விடாத இடம் என்றால் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என் அண்ணன் பையனை ஒரு மையத்தில் சேர்த்தோம். அப்போது நான் இந்தப் பிரிவில் இல்லை, எனக்கும் இதெல்லாம் தெரியாது. நாற்பத்தைந்து நாள் வைத்திருந்தார்கள். மருந்து எதுவும் கிடையாது, யோகாவும் வகுப்பும்தான். வரும்போது முகம் தெளிந்து, சதை போட்டு வந்தான். அண்ணி கொள்ளும் சோறும் ஆக்கிப் போட்டாள். நாலாம் நாள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் மோட்டார் ரூமில் கிடந்தான். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, வாய்க்கால் நிரம்பிப் பாதைக்கு வந்திருந்தது. போட்டது பழைய அளவுதான், அதற்கு மேல் இல்லை. அவன் ஆசை தீராதவன் என்று சிலர் பேசினார்கள். அப்படி இல்லை. வெளியே வந்தால் உடம்பு அதைத் தாங்காது என்று அவனுக்கோ எங்களுக்கோ ஒருவரும் சொல்லவில்லை.

எங்கீங்க போறது? செலவு எவ்வளவு ஆகும்? வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா?

மாவட்ட அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கோவை, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர், பெருந்துறை எல்லாவற்றிலும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலை ஓ.பி. நேரத்துக்குப் போவது நல்லது. 2025-ல் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறது. அரசிடம் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டும் இலவசம்.

போகும்போது காலி மாத்திரை அட்டையை எடுத்துப் போங்கள். பையன் வாயால் சொல்லும் பெயரைவிட அட்டை நிஜம் சொல்லும்.

நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று மேலே சொன்ன 2017 சட்டமே சொல்கிறது. பொண்ணு விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு எடுக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததாக நினைத்துத் தலை குனிய வேண்டாம். மறைத்துக் கல்யாணம் செய்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் புடிக்குமுங்களா?

சிகிச்சைக்கு வந்ததற்காக யாரும் பிடிக்க மாட்டார்கள். 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு உள்ளவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து விலக்கு பெற வழி தருகிறது. சிகிச்சையை முழுதாக எடுக்காவிட்டால் விலக்கு போய்விடலாம். விற்றவருக்கு இது பொருந்தாது. வழக்கு இருந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். புப்ரினார்பினும் இதே சட்டத்துக்குள் வருவதால், மாத்திரை கையில் இருக்கும்போது டாக்டர் சீட்டும் பையில் இருக்கட்டும்.

வேலைக்குப் போலாமா? லாரி ஓட்டறவனுங்க அவன்.

முதல் சில நாட்கள், அளவு மாற்றும் நாட்கள் வண்டி தொட வேண்டாம். தறி, கட்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. அளவு நிலைப்பட்டு, தூக்கக் கலக்கம் இல்லை என்று டாக்டர் சொன்னதும் போகலாம். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்களும் மாதக்கணக்கில் வடக்கே போவார்கள். கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மாத்திரை தீர்ந்து ராஜஸ்தான் தாபாவில் நிற்கும் நிலை வரக் கூடாது.

மாத்திரை போட்டுட்டு ஒரு குவாட்டர் அடிச்சா என்னாகுமுங்க?

மூச்சு நிற்கலாம். ஒரு வரையறைக்கு மேல் மூச்சை அடக்காது என்று சொன்னேனே, அது தனியாகப் போடும்போதுதான். சாராயமும் அல்பிரசோலம், நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். குடிப்பழக்கம் இருந்தால் அதற்கும் சேர்த்தே சிகிச்சை கேளுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் மாத்திரையைப் பூட்டி வையுங்கள். பெரியவருக்கு மருந்தாக இருக்கும் ஒரு மாத்திரையே குழந்தையின் மூச்சை நிறுத்த முடியும்.

ஊசி போட்டுட்டான்னு தெரிஞ்சுது. வேற என்ன பாக்கோணும்?

மாத்திரையில் மருந்தைத் தவிர மாவும் பிசினும் இருக்கும். அது கரையாது. ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் போய் அடைக்கும். கையில் சீழ்க்கட்டி இருந்தால் உடனே காட்டுங்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி சோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். ஹெபடைட்டிஸ் சி இருந்தாலும் இப்போது பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது, அதுவும் அரசிடம் இலவசம்.

புப்ரினார்பினையே ஊசியில் ஏற்றினால் என்று ஒரு தம்பி கேட்டான். அதைத் தடுக்கத்தான் நலாக்சோனைச் சேர்த்திருக்கிறார்கள். நாக்குக்கு அடியில் அது வேலை செய்யாது. ஊசியில் போனால் விழித்துக்கொண்டு அவஸ்தையை வரவழைக்கும்.

மருமக அஞ்சு மாசமுங்க. இப்பத்தான் தெரிஞ்சுது, அதுவும் போடுதுன்னு. நிறுத்திறலாமா?

திடீரென்று நிறுத்தவே கூடாது. அம்மாவுக்கு வரும் அவஸ்தை குழந்தையையும் பாதிக்கும், கரு கலையவோ குறைமாதமாகவோ வாய்ப்புண்டு. கர்ப்பத்தில் புப்ரினார்பினோ மெத்தடோனோ கொடுப்பதுதான் சிகிச்சை. பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கமும் அழுகையும் இருக்கலாம், ஆஸ்பத்திரியில் வைத்துச் சரி செய்துவிடுவார்கள். நிலையாக மருந்தில் இருக்கும் அம்மா பால் கொடுக்கலாம். பிரசவ டாக்டரிடமும் மனநல டாக்டரிடமும் இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணைத் திட்டி அம்மா வீட்டுக்கு அனுப்புவதுதான் நடக்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆறு மாசம் நல்லா இருந்தான். போன வாரம் ஒரு நாள் பழசப் போட்டுட்டான். எல்லாம் வீணாப் போச்சுங்களா?

ஒன்றும் வீணாகவில்லை. ஆறு மாதம் உயிரோடு, வேலையோடு இருந்தது கணக்கில் இருக்கிறது. இப்படி ஆவது இந்த நோயில் சகஜம். டாக்டரிடம் சொன்னால் அளவு போதவில்லையா, எந்தக் கூட்டாளி, எந்தச் சம்பள நாள் என்று பார்ப்பார். மருந்தை நிறுத்தித் தண்டிப்பதுதான் தவறு. பழைய மாத்திரையைப் பல நாள் போட்டிருந்தால் மட்டும், முதல் நாள் பற்றிச் சொன்ன விஷயம் திரும்ப வரும். தானாகப் பழைய அளவில் புப்ரினார்பினைத் தொடங்காமல் டாக்டரைப் பார்த்துத் தொடங்குங்கள்.

கூப்பிட்டா வரவே மாட்டேங்கறானுங்க. நாங்க என்னதான் பண்றது?

நீங்கள் மட்டும் வாருங்கள். அவன் இல்லாமலும் உங்களோடு பேசுவார்கள். இந்தச் சிகிச்சையில் நாள்கணக்கில் அவஸ்தைப்பட வேண்டியதில்லை என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். பூட்டுவார்கள் என்ற பயத்தில் வராதவர்கள் நிறைய. "ஓ.பி.யில் பார்த்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துறலாம் கண்ணு" என்று சொன்ன பிறகு வந்தவர்கள் உண்டு.

வராத நாட்களில் அவன் தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க விடாதீர்கள். எழுப்பினால் எழாமல், உதடு நீலமாகி, குறட்டை போல மூச்சு இழுத்தால் 108-ஐக் கூப்பிட்டு "ஓபியாய்டு மாத்திரை அதிகம்" என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் நலாக்சோன் ஊசி போட்டால் மூச்சு திரும்பும். வண்டி வரும்வரை மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மோரோ எலுமிச்சையோ வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.

காங்கயம் பக்கத்து அம்மா ஒருவர் ஓ.பி. சீட்டை மடித்து மகனுடைய சட்டைப் பையில் வைப்பார். துவைக்கும்போது எடுத்து, காயப்போட்டு, திரும்ப வைப்பார். ஒன்றும் பேச மாட்டார். மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை அந்தப் பையன் தனியாக ஜன்னலுக்கு வந்தான். எழுத்தெல்லாம் அழிந்து, மடிப்பில் கிழிந்துபோன சீட்டை நீட்டினான். நான் புதுச் சீட்டு போடச் சொல்லி அனுப்பினேன்.